நீங்களே ஒரு டாக்டரைச் சொல்லுங்க

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். என் அண்ணனுக்கு அதற்கு நேர் எதிரான குணம். காலை மிதித்தவனிடமே “பாத்துங்க, வழுக்கீரப் போகுது” என்று சொல்லுகிற மனுஷன். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானா என்று அண்ணி அடிக்கடி கேட்பாள். அண்ணனுடைய அந்தக் குணம் ஊருக்கெல்லாம் பிடிக்கும். அந்தக் குணத்தை வைத்தே அவர் கையைக் களவாடப் பார்த்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொதிக்கிறது.

அண்ணன் லாரி டிரைவர். மதுக்கரையில் சிமெண்ட் லோடு ஏற்றிக்கொண்டு வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குப் போவார். ஒருநாள் லோடு ஏற்றி முடித்து, மேலே ஏறித் தார்ப்பாய்க்குக் கயிறு இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து வலது தோளில் விழுந்தார். எலும்பு உடைந்து, பிளேட் வைத்து, தையல் பிரித்து, மாதக்கணக்கில் பயிற்சியெல்லாம் கொடுத்துப் பார்த்தும் அந்தக் கை இடுப்புக்கு மேலே தானாக ஏறவில்லை. விரல்கள் நன்றாக இருக்கும். சோறு பிசைவார். கையெழுத்துப் போடுவார். ஆனால் அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுக்க முடியாது.

வேலையில் இருக்கும்போது பட்ட அடி என்றால் இழப்பீடு கேட்கலாம், தொழிலாளர் ஆபீஸில் அதற்கென்று ஓர் அதிகாரி விசாரிப்பார் என்றார்கள். வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். சின்ன வயசு, நல்ல மனுஷன்தான். அவர்தான் எங்களுக்கு விளக்கினார். கை துண்டாகப் போயிருந்தால் சட்டத்திலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்களாம். கை இருக்கிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால், எவ்வளவு போச்சு என்று ஒரு டாக்டர் சொல்ல வேண்டுமாம்.

“எந்த டாக்டருங்க?” என்று கேட்டேன்.

“அதுலதாங்கக்கா எல்லாமே இருக்குது,” என்றார் வக்கீல். “நமக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு. அவங்களுக்குன்னு ஒருத்தர் இருக்காரு. நம்மாளு கூட்டிப் போடுவாரு. அவங்காளு கொறைச்சுப் போடுவாரு. விசாரிக்கற மேடம் நடுவுல ஒண்ணை எடுத்துக்குவாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் மதுக்கரையில் தையல் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் டேப் ஒன்றுதான். துணி கொண்டுவருகிறவள் யாராக இருந்தாலும் தோளளவு அவளுடைய தோளளவுதான். இங்கே என்னடா என்றால் அளவெடுக்கிறவனைப் பார்த்துத் தோள் நீளுகிறது, தோள் சுருங்குகிறது! வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே இரண்டு வேலி, ஆளுக்கொரு ஓணான்.

“அறுத்துத் தெச்ச டாக்டரு இருக்காருங்களே, அவருக்குத் தெரியாததா? அவரைக் கேட்டா ஆகாதுங்களா?” என்றேன்.

அவரையும் போய்ப் பார்த்தோம். அவர் தலையை நிமிர்த்தாமலே, “அம்மா, சாட்சி சொல்ல வந்தா என்ற ஒரு நாள் பொழப்பு போயிரும், அங்க நிக்க வெச்சுக் கேள்வி கேப்பாங்க, எனக்கு வேண்டாம்” என்றுவிட்டார். கையைத் திறந்து உள்ளே பார்த்த ஒரே மனுஷன் அவர். அவர் வரமாட்டார். கையைப் பார்க்காதவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

சரி, நம்மாள் என்றாரே, அவரிடம் போனோம். காந்திபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜ்களுக்கு நடுவில் ஒரு மாடி. அங்கே காத்திருந்தவர்கள் எல்லாம் காலும் கையும் போனவர்கள். எல்லோர் கையிலும் வக்கீல் ஆபீஸ் பை. அண்ணன் முறை வந்ததும் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், “எந்த வக்கீல்?” என்று கேட்டார், எழுத ஆரம்பித்தார். தோளைத் தொடவே இல்லை.

அண்ணன் எழுந்துகொண்டார். “மன்னிச்சுக்குங்க, இன்னொரு நாளைக்கு வாரனுங்க” என்று கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார். கீழே வந்து நான் கத்தினேன். “என்னண்ணா இது? எழுதறவரை எழுத விடாம!”

“கண்ணு, அவரு என்ற கையப் பாக்கவே இல்ல. பாக்காம எழுதுனா அது பொய்யாயிருமல்லோ. என்ற கைக்குப் பொய் எதுக்கு? உள்ளதைச் சொன்னாலே போதுமே.”

இவரிடம் என்ன பேசுவது? டவுன் பஸ்ஸில் ஏறி மதுக்கரை வரும் வரைக்கும் நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அது பெரிய தண்டனை.

அந்த வாரமே லாரி ஓனர் வீட்டுக்கு வந்தார். வெள்ளகோவில் பக்கத்து ஆள். தோட்டம், லாரி, நூல் வியாபாரம் என்று நாலு வழியில் வருமானம். அண்ணன் அவரிடம் வருஷக்கணக்காக ஓட்டியவர். கூடவே லாரிக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி ஆள் ஒருவரும் வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி எல்லாம் இருந்தது. அண்ணி காபி கொடுத்தாள்.

“ஏனுங்க, நமக்குள்ள எதுக்குங்க ஆளுக்கொரு டாக்டர்?” என்றார் ஓனர். “பொதுவா ஒருத்தரை வெச்சுக்குவோம். அவரு என்ன சொல்றாரோ அதை ரெண்டு பேரும் கேட்டுக்குவோம். யாரை வெச்சுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.”

அண்ணனுக்கு முகம் மலர்ந்துபோனது. காந்திபுரத்து மாடியில் பட்ட சங்கடத்துக்கு மருந்து கிடைத்த மாதிரி. உடனே அவர் சொன்னார்:

“அதெப்படிங்க, நீங்க இருக்கறப்ப நான் சொல்றது? நீங்களே ஒரு டாக்டரைப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரிங்க.”

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் என் அண்ணனை முட்டாள் என்பார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கே கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் முறை வைப்பது வரை, “நீங்களே சொல்லுங்க” என்று ஒருவர் விட்டுக்கொடுத்தால் அது அடுத்தவர் தலையில் ஏற்றுகிற பாரம். அப்படி வாங்கிக்கொண்டவர் தன் பக்கம் சாய்க்க முடியாது. விட்டுக்கொடுத்தவர் பக்கத்து நியாயத்தையும் அவர்தான் சுமக்க வேண்டும். பங்கு பிரிக்கிறவன் கடைசியாக மிஞ்சுகிற பங்கைத்தான் எடுக்க வேண்டும் என்பதும் அதே வழக்கம்தான். அண்ணன் அப்பாவித்தனமாகச் சொல்லவில்லை. ஓனருடைய மானத்தின் மேல் நம்பிக்கை வைத்துச் சொன்னார்.

ஓனருக்கும் அந்த வழக்கம் தெரியும். எனக்கு ஆத்திரமே அதில்தான். தெரியாமல் செய்தால் போகட்டும் என்று விடலாம். அந்த லாரி ஓட்டத் தகுதியானது என்கிற எஃப்.சி. சான்று முடிந்து புதுப்பிக்காமல் கிடந்தது. தொகை பெரிதானால், எஃப்.சி. இல்லாததைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி முழுப் பணத்தையும் தன் தலையில் கட்டிவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் காபியைக் குடித்துக்கொண்டே, பக்கத்தில் இருந்த இன்சூரன்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். இன்சூரன்ஸ்காரர் ஒரு டாக்டர் பேரைச் சொன்னார். அண்ணன் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்தாயிற்று.

விஷயம் கேள்விப்பட்ட வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்த டாக்டரு மாசம் பூரா அந்தக் கம்பெனிக்குத்தானுங்க பாக்கறாரு! என்னைய ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா?”

அண்ணன் சொன்னார்: “ஓனரு சொன்னவருங்க. தப்பா இருக்காதுங்க.”

பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். ஏசி ரூம், கண்ணாடி மேஜை. டாக்டர் எக்ஸ்ரே கவரைக் கேட்டார். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். வலது கையில் கவரைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கி, மேஜைக்கு மேலே நீட்டினார். அடிபட்ட நாளிலிருந்து அவர் எதையும் அப்படித்தான் கொடுப்பார், வாங்குவார். இடது கை தூக்காவிட்டால் வலது கை வராது.

எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கு எதையாவது கொடுக்கும்போதும் அப்படித்தான் கொடுப்பது. வலது கையால் கொடுத்து, இடது கையை முழங்கைக்குக் கீழே வைத்துக்கொள்வது மரியாதை. டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“அட, எனக்கு எதுக்குங்க இத்தனை மரியாதை? சும்மா குடுங்க.”

ஒரு பெரிய மனுஷர் சந்தோஷமாக ஒன்றைச் சொல்லும்போது, இல்லீங்க, இது மரியாதை இல்லீங்க என்று எப்படிச் சொல்வது? அண்ணனும் சிரித்துவைத்தார். நான் விடவில்லை. “டாக்டர், அது மரியாதைக்கு இல்லீங்க, அண்ணனுக்குக் கை…” என்று ஆரம்பித்தேன்.

“அம்மா, பேஷண்ட் பேசட்டும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

வெளியே நின்றேன். திரை முழுசாக மூடவில்லை. கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். அண்ணன் தூக்கப் பார்த்தார், இடுப்போடு நின்றது. டாக்டரே அந்தக் கையைப் பிடித்து மேலே இழுத்தார். “போகுதல்லங்க?” என்றார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. “வலிக்குதுங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“பரவாயில்லீங்க,” என்றார் அண்ணன்.

அட கெரகமே! எங்கள் ஊரில் சாகக் கிடக்கிறவனைக் கேட்டாலும் பரவாயில்லீங்க என்றுதான் சொல்லுவான். கேட்டவர் மனசு சங்கடப்படக் கூடாது என்பதற்காகச் சொல்வது அது. இந்தக் கோயமுத்தூரிலேயே பிறந்து வளர்ந்த டாக்டருக்கு அது தெரியாதா? தெரியும். எழுதுவதற்கு வசதியாக இருந்தது, எழுதிக்கொண்டார்.

அறிக்கை வந்தது. வக்கீல் வாசித்துக் காட்டினார். வலது தோளில் அசைவு கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, வலி பெரிதாக இல்லை என்று அவரே சொல்கிறார், எக்ஸ்ரேயை எட்டி நீட்டிக் கொடுத்தார், கை தூக்கச் சொன்னபோது மட்டும் சிரமப்படுவதாகக் காட்டிக்கொள்கிறார், லாரி ஓட்டுவதற்குத் தடையில்லை. கேட்டதும் நான் போட்ட சத்தத்துக்கு வக்கீல் ஆபீஸுக்கு வெளியே நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காட்டிக்கொள்கிறாராம்! தன் வலியை மறைப்பதற்கே பிறவி எடுத்த மனுஷனை நடிகன் என்று எழுதிவிட்டார்கள்.

அண்ணன் என் அளவுக்குக் கோபப்படவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஓனர் போன் செய்தார். “டாக்டரே ஓட்டலாம்னு சொல்லிட்டாருங்களே, திங்கக்கிழமை வண்டிக்கு வந்துருங்க. இல்லீன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறனுங்க.”

மறுநாள் அண்ணன் லாரி ஸ்டாண்டுக்குப் போனார். சரி, போய்த்தான் பார்ப்போம் என்று நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை முழுசாக வலது பக்கம் ஒடித்துப் பார்த்திருக்கிறார். பாதியில் கை நழுவி மடியில் விழுந்துவிட்டது. திரும்பி வந்தவர் என் கடை வாசலில் உட்கார்ந்தார்.

“கண்ணு, வாளையாறு எறக்கத்துல லோடோட வாரப்ப முன்னால ஒரு ஸ்கூல் வேன் நின்னுபோச்சுன்னா என்ன பண்றது? ஒடிக்க முடியாது. ஏத்திப்போடுவேன்.”

அதுவரைக்கும் அது அவருடைய கை. போனால் போகட்டும், நாம் கொஞ்சம் கஷ்டப்பட்டுக்கொள்ளலாம் என்றிருந்தார். அன்றைக்குத்தான் அந்த அறிக்கை யார் மேலெல்லாம் ஏறும் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் வண்டிக்குப் போகவில்லை. வீட்டில் அரிசி வாங்க அண்ணி பக்கத்து மில்லுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

விசாரணை நாள் வந்தது. அதிகாரி ஒரு பெண். கண்டிப்பானவர், ஆனால் யாரையும் எடுத்தெறிந்து பேசாதவர். ஓனரும் வந்திருந்தார், வெள்ளை வேட்டி சட்டையில். எங்களைப் பார்த்து, “நல்லாருக்கறீங்களா அம்மணி?” என்று வேறு கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்தார். “மேடம், இது ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்ட டாக்டர். மனுதாரரே கையெழுத்துப் போட்டிருக்காருங்க. இனி இதுல பேச ஒண்ணுமில்லைங்க.”

எங்கள் வக்கீல் அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். ஒத்துக்கொண்ட பிறகு எதற்கு என்று அவர்கள் மறித்தார்கள். அதிகாரி அண்ணனை முன்னால் கூப்பிட்டார்.

“டாக்டரை நீங்க ஒத்துக்கிட்டீங்களா?”

“ஆமாங்க.”

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

“இது உங்க கையெழுத்தான்னு பாருங்க,” என்று அதிகாரி காகிதத்தை மேஜைக்கு மேலே நீட்டினார்.

அண்ணனுடைய இடது கை வழக்கம்போல வலது முழங்கைக்குப் போனது. போனது பாதியில் நின்றது. அந்தக் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வலது கையை மட்டும் நீட்டினார். அது இடுப்பு வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. காகிதம் மேஜைக்கு மேலே அதிகாரி கையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். அண்ணன் இடது கையை முன்னால் எடுக்கவே இல்லை. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

“நடிக்கறாரு மேடம்,” என்றார் இன்சூரன்ஸ் வக்கீல்.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் சொன்னார்: “இவ்வளவுதானுங்க அம்மா வரும். டாக்டருகிட்ட இடது கையில தாங்கிக் குடுத்தனுங்க. அவரு மரியாதைன்னு நெனைச்சுட்டாருங்க. நானும் மறுத்துப் பேசலீங்க. இந்தக் கையை வெச்சு லோடு வண்டி ஓட்டச் சொல்றாங்க. ரோட்டுல குழந்தைக போகுதுங்க.”

ஓனருக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, நீங்கதான டாக்டரை என்னையவே சொல்லச் சொன்னீங்க?”

அண்ணன் திரும்பினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை.

“எனக்காவச் சொல்லுங்கன்னு விட்டனுங்க. நீங்க உங்களுக்காவச் சொல்லிப்போட்டீங்க.”

ஓனர் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளகோவில்காரருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, காகிதத்தை அண்ணன் விரல்களில் வைத்தார். போர்டுக்கு அனுப்பும்படி அங்கேயே உத்தரவு சொன்னார்.

போர்டில் டாக்டர்கள் அண்ணனுடைய சட்டையைக் கழற்றச் சொல்லி, தோளைத் தொட்டு, திருப்பி, அவரே தூக்கினால் எவ்வளவு, பிடித்துத் தூக்கினால் எவ்வளவு என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். கனரக வண்டி இனி ஓட்ட முடியாது என்று எழுதினார்கள். வழக்கு எங்கள் பக்கம் முடிந்தது. இதை முதல் நாளே செய்தால் என்ன என்று ஆபீஸில் ஒருவரிடம் கேட்டேன். “யாராவது கேட்டாத்தானுங்க அனுப்புவோம்” என்றார். கேட்கத் தெரியாதவன் கதி? குனியக் குனியக் குட்டுவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு மனுஷன் தன் மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு நின்றால்தான் அவன் கை உடைந்தது இவர்கள் கண்ணுக்குத் தெரியும் என்றால், இது என்ன அளவை, இது என்ன ஆபீஸ்?

ஆனாலும் எனக்கு ஆறாதது அதுவல்ல. போர்டுக்கு உத்தரவு வந்த அன்றைக்கே, விசாரணை முடிந்து நாங்கள் எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். வக்கீல் குதிக்காத குறை. நான் டீயும் தேங்காய் பன்னும் சொன்னேன். அண்ணன் மட்டும் அந்த ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா?”

“அந்தம்மா தப்பா நெனைச்சிருப்பாங்களா கண்ணு?”

“எதுக்கு?”

“ஒத்தைக் கைய நீட்டீட்டு நின்னனே. இன்னொரு கையப் பின்னால வெச்சுட்டு. அவங்க எந்திரிச்சு வந்து குடுக்கற மாதிரி ஆயிருச்சு.” எழுந்துகொள்ளப் பார்த்தார். “ஒரு எட்டுப் போயி, மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்தர்றனே.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “உக்காருங்கண்ணா!” என்று நான் போட்ட சத்தத்தில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் உட்கார்ந்தார். டீ வந்ததும் அதை அவருடைய இடது கைப்பக்கம் நகர்த்தி வைத்தேன்.